எஸ்டிஆர் வைத்து சொந்தமாக ஒரு 4ஜி நெட்வொர்க்: மேசைமேல் டவர் கட்டும் முழுமையான வழிகாட்டி

செல்போன் டவரின் அடியில் இருக்கும் பெட்டிக்குள் நடப்பதில் பெரும்பங்கு கணக்குதான். வந்த அலையை எண்களாக்க வேண்டும், அந்த எண்களிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்க வேண்டும், பதிலை மறுபடி எண்களாக்கி அலையாக அனுப்ப வேண்டும். அலையை எண்ணாகவும் எண்ணை அலையாகவும் மாற்றும் வேலையை மட்டும் ஒரு சின்ன போர்டு பார்த்துக்கொண்டால், மிச்சத்தைச் சாதாரண லேப்டாப்பே செய்துவிடும். அந்த போர்டுதான் சாஃப்ட்வேர் டிஃபைன்டு ரேடியோ, சுருக்கமாக எஸ்டிஆர்.

இது புதிய விஷயமும் இல்லை. 2008இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் நடந்த பர்னிங் மேன் விழாவில் ஓப்பன்பிடிஎஸ் என்ற மென்பொருளை வைத்து ஒரு 2ஜி நெட்வொர்க்கை ஓட்டிக்காட்டினார்கள். 2013இல் மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தில், பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத தலேயா தே காஸ்த்ரோ என்ற மலை ஊர், அதே வழியில் தனக்கென ஒரு செல்போன் நெட்வொர்க்கை அமைத்துக்கொண்டது. அவையெல்லாம் 2ஜி. இந்தக் கட்டுரையில் நாம் கட்டப்போவது 4ஜி.

ஏன் 2ஜி வேண்டாம்? அதில் நெட்வொர்க்தான் சிம்மைச் சோதிக்கும். சிம் நெட்வொர்க்கைச் சோதிக்காது. யார் டவர் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் போன் நம்பிவிடும். போலி டவர்கள் பிழைப்பது இந்த ஓட்டையில்தான். 3ஜியிலிருந்து இரு பக்கமும் ஒன்றையொன்று சோதிக்கின்றன. ஆகவே உங்கள் கையில் இருக்கும் வழக்கமான கம்பெனி சிம் இந்த நெட்வொர்க்கில் சேராது, சேரவும் கூடாது. சிம்மையும் நாமே எழுதிக்கொள்ளப் போகிறோம். படிப்பதற்கும் 4ஜிதான் நல்லது. இன்றைய நெட்வொர்க்குகளில் புழங்கும் சொற்கள் எல்லாம் அதில் வந்துவிடும், 5ஜியின் சிக்கல்கள் இன்னும் வந்திருக்காது.

வேலையை மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் ரேடியோவே இல்லாமல் முழுக்க மென்பொருளில், அடுத்து ரேடியோவை கேபிள் வழியாக, கடைசியாக அனுமதி இருந்தால் மட்டும் காற்றில். பலர் போர்டு கையில் வந்த அன்றே ஆன்டெனாவை மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் எது தப்பு என்று தெரியாமல் வாரக்கணக்கில் முழிக்கிறார்கள், கூடவே சட்டத்தையும் மீறுகிறார்கள்.

சட்டம்: இதைத் தாண்டிவிட்டுப் போகாதீர்கள்

செல்போன் அலைவரிசைகள் ஏலத்தில் விற்கப்பட்ட சொத்து. இந்தியாவின் 2023 தொலைத்தொடர்புச் சட்டம், 42ஆவது பிரிவில், அனுமதியின்றித் தொலைத்தொடர்பு நெட்வொர்க் அமைப்பவருக்கு 3 ஆண்டுவரை சிறை அல்லது 2 கோடி ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் என்று தனி உரிமம் உண்டு. தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிளானிங் பிரிவு அதைத் தருகிறது. சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்கலாம். அலை வெளியே போகும் சோதனை, போகாத சோதனை என்று இரண்டு வகை இருக்கிறது. கல்லூரி ஆய்வகம் என்றால் நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பிப்பதே நல்லது. இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டும்.

சில நாடுகளில் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ்வரை சிபிஆர்எஸ் என்ற பங்கிட்டுக்கொள்ளும் முறை இருக்கிறது. பிரிட்டனின் ஆஃப்காம் 2019இலிருந்து உள்ளூர் உரிமங்களைத் தருகிறது. ஜெர்மனி 3.7 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ்வரை தொழிற்சாலைகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. அந்த நாடுகளில் இருப்பவர்களுக்கு வேலை எளிது.

சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. சிக்னல் கிடைக்காத போனும் சிம் இல்லாத போனும் அவசர அழைப்புக்காக, கண்ணில் படும் எந்த நெட்வொர்க்கிலும் ஒதுங்கி நிற்கும். உங்கள் சோதனை டவர் காற்றில் ஓடினால், பக்கத்து வீட்டில் யாரோ 112ஐ அழுத்தும்போது அந்த அழைப்பு உங்கள் லேப்டாப்புக்குள் வந்து செத்துப்போகலாம். கேபிளோடு நிறுத்திக்கொண்டால் இந்தக் கவலை இல்லை.

என்னென்ன வாங்க வேண்டும்

போர்டு வாங்கும்போது ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிகிறதா என்று முதலில் பாருங்கள். இருபது டாலர் சுற்றில் கிடைக்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் கேட்க மட்டும்தான் செய்யும். ஹேக்ஆர்எஃப் அனுப்பும், வாங்கும், ஆனால் மாறி மாறித்தான். இரண்டும் டவர் வேலைக்கு ஆகாது. ப்ளூட்டோ இரண்டையும் ஒருசேரச் செய்யும், ஆனாலும் யூஎஸ்பி 2.0, போதாததற்கு முதல் பதிப்பின் கடிகாரம் 25 பிபிஎம்வரை (பத்து லட்சத்தில் 25 பங்கு) விலகும். ஒத்துவருபவை மூன்று: லைம்எஸ்டிஆர், பிளேட்ஆர்எஃப், யூஎஸ்ஆர்பி பி200 அல்லது பி210. லைம்எஸ்டிஆர் 2016இல் கூட்டு நிதியில் வந்தபோது 299 டாலர். பி210 அதைப்போலப் பல மடங்கு விலை, ஆனால் இந்த வகை மென்பொருள் பெரும்பாலும் அதில் சோதிக்கப்பட்டிருக்கும். காசு இறுக்கம் என்றால் லைம், நேரம் இறுக்கம் என்றால் பி210 என்பேன்.

லேப்டாப் ஐ5 அல்லது ஐ7, நான்கு கோர், யூஎஸ்பி 3.0. இந்த யூஎஸ்பி விஷயத்தில் சமாதானமே வேண்டாம். ஒவ்வொரு மாதிரி எண்ணும் 4 பைட். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு விநாடிக்கு 3.072 கோடி மாதிரிகள், அதாவது ஒரு திசைக்கு மட்டும் ஏறக்குறைய 123 மெகாபைட். யூஎஸ்பி 2.0 இதைத் தாங்காது. மெய்நிகர் இயந்திரத்துக்குள் லினக்ஸ் ஓட்டுவதும் வேண்டாம், நேரடியாக நிறுவுங்கள்.

போனுக்குப் பதில் முதலில் ஆன்டெனா சொருகும் இடம் உள்ள ஒரு 4ஜி மாட்யூல் வாங்குங்கள். குவெக்டெல் இசி25-இ போன்றது, சிம் ஸ்லாட் உள்ள யூஎஸ்பி அடாப்டரோடு சேர்த்து. போனில் கேபிள் மாட்ட வழியில்லை, இதில் உண்டு. அப்புறம் எழுதக்கூடிய சிம் கார்டுகள், ஒரு ஸ்மார்ட்கார்டு ரீடர், எஸ்எம்ஏ கேபிள்கள், இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர், அலையின் சக்தியைக் குறைக்கும் 10, 20, 40 டெசிபல் அட்டெனுவேட்டர்கள், 50 ஓம் டெர்மினேட்டர் ஒன்று. கடைசியில் சொன்ன சில்லறைச் சாமான்களை வாங்கத்தான் ஆட்கள் மறப்பார்கள்.

படி 1: ரேடியோ இல்லாமல் ஒரு நெட்வொர்க்

மென்பொருள் இரண்டு. டவர் பக்கத்துக்கு எஸ்ஆர்எஸ்ரான் 4ஜி. அயர்லாந்தின் சாஃப்ட்வேர் ரேடியோ சிஸ்டம்ஸ் எழுதியது, முன்பு எஸ்ஆர்எஸ்எல்டிஇ என்று பெயர். கோர், அதாவது சிம்மைச் சோதித்து டேட்டாவை இணையத்துக்குக் கடத்தும் மையப் பகுதி; அந்தப் பக்கத்துக்கு ஓப்பன்5ஜிஎஸ், முன்பு நெக்ஸ்ட்இபிசி. பெயரில் 5ஜி இருந்தாலும் 4ஜி கோரும் அதற்குள் இருக்கிறது. எஸ்ஆர்எஸ்ரானிலேயே ஒரு குட்டி கோர் உண்டு, ஆனால் பின்னால் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள், ஆகவே ஆரம்பத்திலேயே ஓப்பன்5ஜிஎஸ் போட்டுவிடுங்கள். இரண்டையும் உபுண்டு 22.04இல் நிறுவலாம்.

நிறுவும்போது ஒரே ஒரு பொறி: ஓப்பன்5ஜிஎஸ் சந்தாதாரர் பட்டியலை மோங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. மோங்கோடிபி 5.0இலிருந்து ஏவிஎக்ஸ் வசதி இல்லாத பழைய பிராசஸரில் ஓடாது. ஓப்பன்5ஜிஎஸ்ஸைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

எஸ்ஆர்எஸ்ரானில் மூன்று நிரல்கள்: டவர், கோர், போன். ஆமாம், போனும் மென்பொருளாகவே வருகிறது. டவருக்கும் போனுக்கும் நடுவே ரேடியோவுக்குப் பதில் ஜீரோஎம்க்யூ என்ற இணைப்பைப் போட்டால், அலையாகப் போக வேண்டிய எண்கள் அப்படியே கணினிக்குள் ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். கம்பைல் செய்வதற்கு முன் ஜீரோஎம்க்யூ நூலகம் கணினியில் இருக்க வேண்டும். பின்னால் சேர்த்தால் மறுபடி முழுக்கக் கம்பைல் செய்ய வேண்டிவரும். டவரும் போனும் ஒரே கணினியில் ஓடுவதால் போனை ஒரு தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் (லினக்ஸ் பிரித்துத் தரும் தனி நெட்வொர்க் அறை) வையுங்கள். இல்லாவிட்டால் பிங் பாக்கெட் ரேடியோ பக்கமே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவரும், நீங்களும் எல்லாம் ஓடுகிறது என்று நம்பிவிடுவீர்கள்.

படி 2: டவரும் கோரும் ஒரே பேச்சுப் பேச வேண்டும்

இரண்டு பக்கமும் பொருந்த வேண்டியவை நான்கு.

முதலாவது நெட்வொர்க் எண்; முதல் பகுதி நாட்டைக் காட்டும், இரண்டாம் பகுதி அந்த நெட்வொர்க்கை. ஓப்பன்5ஜிஎஸ் 999, 70 என்ற எண்ணோடு வருகிறது; எஸ்ஆர்எஸ்ரான் 001, 01 என்று வருகிறது. 001 சோதனைக்கென்றே உலக அளவில் ஒதுக்கப்பட்டது, 999 தனியார் உள் நெட்வொர்க்குகளுக்கு. 001, 01 என்று இரண்டு பக்கமும் வைத்துக்கொள்வோம். இந்தியாவின் 404, 405 பக்கம் கையே வைக்காதீர்கள்.

இரண்டாவது டிராக்கிங் ஏரியா எண், அதாவது டவர் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று காட்டுவது. ஓப்பன்5ஜிஎஸ்ஸில் 1, எஸ்ஆர்எஸ்ரானில் 7. எஸ்ஆர்எஸ்ரான் இதைப் பதினாறடி (ஹெக்ஸ்) எண்ணாக எழுதுகிறது. 10 என்று வைக்க நினைத்து அங்கே 0010 என்று போட்டால் அது 16. ஒற்றை இலக்கத்தில் வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

மூன்றாவது, டவர் கோரைத் தேடும் முகவரி. கோரில் டவர்களோடு பேசும் பகுதிக்கு எம்எம்இ என்று பெயர். ஓப்பன்5ஜிஎஸ்ஸின் எம்எம்இ 127.0.0.2இல் காத்திருக்கும். டவர் எஸ்சிடிபி என்ற இணைப்பு முறை வழியாக 36412ஆம் போர்ட்டில் போய்க் கதவைத் தட்டும். நான்காவது ஏபிஎன் (போன் எந்த டேட்டா வழியில் போக வேண்டும் என்று சொல்லும்) பெயர்; ‘இன்டர்நெட்’ என்று சின்ன எழுத்தில், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி.

சந்தாதாரரைச் சேர்க்க உலாவியில் 9999ஆம் போர்ட்டைத் திறந்தால் ஒரு பக்கம் வரும். பயனர் அட்மின், கடவுச்சொல் 1423. உள்ளே போனதும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 15 இலக்க ஐஎம்எஸ்ஐ (சிம்மின் அடையாள எண்), கேஐ, ஓபிசி (இரண்டும் சிம்மின் ரகசியச் சாவிகள்) மூன்றையும் போட்டுச் சேமியுங்கள். மென்பொருள் போனின் அமைப்புக் கோப்பிலும் அதே மூன்றும் இருக்க வேண்டும்.

எல்லாம் சரி என்றால் போனுக்கு 10.45.0.2 என்ற முகவரி கிடைக்கும், அங்கிருந்து 10.45.0.1க்கு பிங் போகும். இது நடக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இனிமேல் ஏதாவது உடைந்தால் குறை மென்பொருளில் இல்லை, சிம்மிலோ ரேடியோவிலோதான் என்று உறுதியாகச் சொல்ல இந்த ஒரு பிங் போதும்.

படி 3: சிம் எழுதுவது

பெர்லினில் உள்ள சிஸ்மோகாம் விற்கும் சிஸ்மோஐசிம் கார்டுகள் இதற்கென்றே செய்யப்பட்டவை. ஒவ்வொரு கார்டுக்கும் ஏடிஎம் (ADM) என்ற நிர்வாகச் சாவி உண்டு. அதைத் தனியாக அனுப்புவார்கள். அந்தச் சாவியைச் சில தடவை தப்பாக அடித்தால் கார்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். ஆகவே கார்டின் மேல் அச்சிட்ட எண்ணையும் சாவிப் பட்டியலில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுதுங்கள். எழுதுவதற்கு ஆஸ்மோகாம் குழுவின் பைசிம் என்ற இலவசக் கருவி இருக்கிறது. முதலில் கார்டைப் படிக்க மட்டும் செய்து, ரீடரும் கார்டும் பேசுகின்றனவா என்று பாருங்கள்.

எழுத வேண்டியவை: ஐஎம்எஸ்ஐ 001010000000001, கேஐ, ஓபிசி, நெட்வொர்க் எண்ணின் இரண்டாம் பகுதி இரண்டு இலக்கம் என்ற குறிப்பு. சிம்மும் நெட்வொர்க்கும் ஒன்றையொன்று சோதிக்கும் கணக்கு முறை மிலேனாஜ்.

இங்கே ஓபி வேறு, ஓபிசி வேறு. ஓபி என்பது நெட்வொர்க் முழுமைக்கும் பொதுவான எண். அதையும் அந்தக் கார்டின் கேஐயையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவது ஓபிசி. இரண்டும் 32 பதினாறடி இலக்கங்கள், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. கோரின் பக்கத்தில் எது என்று தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருக்கும். அதில் ஒன்றை மாற்றி வைத்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் சிம் கடைசிவரை உள்ளே வராது.

படி 4: கேபிள் போடுவது

இந்தப் படிக்கு அவசரமே கூடாது. தப்பானால் போர்டின் ரிசீவர் எரிந்துபோகும்.

எஸ்டிஆர் போர்டில் அனுப்பும் வாய் தனி, வாங்கும் வாய் தனி. மாட்யூலில் இரண்டுக்கும் ஒரே முதன்மை ஆன்டெனா வாய். ஆகவே நடுவே ஸ்ப்ளிட்டர் வேண்டும். அதன் பொது வாய் மாட்யூல் பக்கம், இரண்டு கிளைகளும் போர்டு பக்கம். மாட்யூலின் இரண்டாவது ஆன்டெனா வாயைச் சும்மா விடாமல் 50 ஓம் டெர்மினேட்டரால் மூடுங்கள்.

இனி அட்டெனுவேட்டர்கள். சக்தியை டிபிஎம்மில் அளப்பார்கள்; ஒரு மில்லிவாட் 0 டிபிஎம். 4ஜி போன் அதிகபட்சம் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட் அனுப்பும். பி210இன் ரிசீவர் தாங்குவது மைனஸ் 15 டிபிஎம்வரைதான். நேரடியாக இணைத்தால் தாங்கக்கூடியதைவிட ஆறாயிரம் மடங்கு சக்தி உள்ளே பாயும். போர்டு பிழைக்காது.

நான் பரிந்துரைப்பது: மாட்யூலுக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் நடுவே 40 டெசிபல், அனுப்பும் கிளையில் 20, வாங்கும் கிளையில் 10. கணக்குப் போட்டுப் பார்ப்போம். போனிலிருந்து டவருக்கு: 23இலிருந்து 40, ஸ்ப்ளிட்டரின் இழப்பு 3.5, பிறகு 10 கழிந்தால் மைனஸ் 30.5 டிபிஎம். பத்திரம். டவரிலிருந்து போனுக்கு: போர்டு 0 டிபிஎம் அனுப்புகிறது என்று வைத்தால், 20, 3.5, 40 கழிந்து மைனஸ் 63.5. இந்தச் சக்தி 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 300 துணை அலைகளாகப் பிரிகிறது. 300 என்பது டெசிபலில் 24.8. ஆகவே மாட்யூல் காட்டும் ஆர்எஸ்ஆர்பி, அதாவது ஒரு துணை அலைக்கான சிக்னல் அளவு, ஏறக்குறைய மைனஸ் 88. டவருக்கு ஓரளவு பக்கத்தில் நிற்கும் போனுக்குக் கிடைக்கும் சிக்னல் அது.

நாற்பதும் முப்பதும் சேர்த்து எழுபதையும் பொதுப் பாதையிலேயே போட்டால் என்ன என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் உங்கள் சொந்த அனுப்பும் அலை ஸ்ப்ளிட்டரின் ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குக் கசிந்து, எந்தத் தடையும் இல்லாமல் ரிசீவருக்குள் நுழையும். ஸ்ப்ளிட்டர் தரும் தடுப்பு 20 டெசிபல் சுற்றில்தான் இருக்கும். நிஜ டவரில் இந்த வேலையைப் பார்க்க டூப்ளெக்ஸர் என்ற வடிகட்டி இருக்கிறது, நம்மிடம் இல்லை. கிளைகளில் 20, 10 என்று பிரித்துப் போட்டால் அந்தக் கசிவு மைனஸ் 50க்கு இறங்கிவிடும்.

கேபிள் போட்டாலும் மாட்யூலின் சர்க்யூட்டே கொஞ்சம் அலையைக் கசியவிடும். அதை ஓர் உலோகப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். போனை வைத்துச் சோதிக்க விரும்பினால் தரமான ஷீல்டு பாக்ஸே வேண்டும். பெட்டிக்குள் போகும் யூஎஸ்பி ஒயரும் ஆன்டெனாவாக மாறிவிடும், ஆகவே வடிகட்டி உள்ள நுழைவாய் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மைக்ரோவேவ் அவன் போதும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். சோதிக்க எளிய வழி: வேறொரு போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, அமைப்புகளில் நெட்வொர்க்கைக் கையால் தேடச் சொல்லுங்கள். பட்டியலில் 001 01 வந்தால் கசிகிறது.

படி 5: அதிர்வெண், கடிகாரம், வேகம்

எஸ்ஆர்எஸ்ரான் 4ஜியின் டவர், அனுப்பவும் வாங்கவும் தனித்தனி அதிர்வெண் உள்ள எஃப்டிடி பேண்டுகளில்தான் ஓடும். 40ஆம் பேண்டும் சிபிஆர்எஸ்ஸின் 48ஆம் பேண்டும் ஒரே அதிர்வெண்ணில் மாறி மாறிப் பேசும் டிடிடி, இதில் நடக்காது. எஸ்ஆர்எஸ்ரானின் அமைப்புக் கோப்பில் கூடவே வரும் 3350 என்ற சானல் எண் 7ஆம் பேண்டைச் சேர்ந்தது: டவர் 2680 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும், 2560இல் கேட்கும். உங்கள் மாட்யூலுக்கு 7ஆம் பேண்ட் தெரிந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். அகலத்தை 25 ஆர்பி (ரிசோர்ஸ் பிளாக்), அதாவது 5 மெகாஹெர்ட்ஸில் தொடங்குங்கள்.

லைம்எஸ்டிஆரில் ஒவ்வொரு அதிர்வெண் வரம்புக்கும் தனி வாய். 2.6 கிகாஹெர்ட்ஸுக்கு வாங்கும் பக்கம் ஆர்எக்ஸ்1_ஹெச். கேபிளை ஓர் ஓட்டையிலும் மென்பொருளில் வேறொரு பெயரையும் வைத்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, மாட்யூல் மட்டும் உள்ளே வரவே வராது.

கடிகாரம். பி210இன் உள் கடிகாரம் 2 பிபிஎம்வரை விலகலாம். 2680 மெகாஹெர்ட்ஸில் அது 5.4 கிலோஹெர்ட்ஸ். 4ஜியின் துணை அலைகள் 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. இந்த அளவு விலகலைப் பெரும்பாலான மாட்யூல்கள் தேடிப் பிடித்துவிடும். 25 பிபிஎம் என்றால் 67 கிலோஹெர்ட்ஸ், பிடிக்காது. ஒப்பீட்டுக்கு, நிஜமான பெரிய டவருக்கு விதி 0.05 பிபிஎம். மாட்யூல் சிலசமயம் பிடிக்கிறது, சிலசமயம் இல்லை, போர்டு சூடானதும் நடத்தை மாறுகிறது என்றால் சந்தேகத்தைக் கடிகாரத்தின் மேல் வையுங்கள். ஜிபிஎஸ்ஸோடு ஒத்திசையும் 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் ஒன்றை வெளியிலிருந்து இணைத்தால் தீரும். 5ஜி பக்கம் போகும் எண்ணம் இருந்தால் அது எப்படியும் தேவைப்படும்.

வேகத்தைப் பொறுத்தவரை, டவர் ஒவ்வொரு மில்லிசெகண்டும் ஒரு சப்ஃபிரேமை, அதாவது அலையின் ஒரு துண்டை, முடிக்க வேண்டும். வந்த டேட்டாவுக்கு 4 மில்லிசெகண்டில் பதில் போக வேண்டும். லேப்டாப் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று நடுவில் வேகத்தைக் குறைத்தால் கதை முடிந்தது. சிபியு கவர்னரை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், சார்ஜரை மாட்டியே வையுங்கள். யூஎஸ்ஆர்பி என்றால் திரையில் எழுத்துகள் உதிரும்: ஓ என்றால் வந்த மாதிரிகளை லேப்டாப் எடுக்கவில்லை, யூ என்றால் அனுப்ப வேண்டியது நேரத்துக்கு வரவில்லை, எல் என்றால் தாமதமாக வந்தது. தொடங்கும்போது ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை. தொடர்ந்து கொட்டினால் அகலத்தைக் குறையுங்கள், அல்லது யூஎஸ்பி ஒயரை மாற்றிப் பாருங்கள்.

படி 6: முதல் இணைப்பு, அப்புறம் பதிவேடு வாசிப்பது

கோர், டவர், மாட்யூல் என்ற வரிசையில் தொடங்குங்கள். டவர் கோரோடு இணைந்ததைக் கோரின் பதிவேட்டில் பார்த்த பிறகே மாட்யூலுக்கு மின்சாரம் கொடுங்கள்.

முதலில் டவரின் திரையில் ராக் என்ற வரி வருகிறதா பாருங்கள். மாட்யூல் கதவைத் தட்டியதற்கு அதுதான் அடையாளம். ராக் வரவில்லை என்றால் கேபிள், வாய், அதிர்வெண், கடிகாரம். சிம்மைத் தொடாதீர்கள். ராக் வந்து உடனே அறுந்தால் ஏறு திசையில் சிக்னல் போதவில்லை அல்லது மிஞ்சிப்போனது. ரிசீவர் கெயினை மாற்றிப் பாருங்கள்.

ராக் தாண்டிவிட்டால் ரேடியோ வேலை முடிந்தது, இனி கோரின் பதிவேடுதான் பேசும். இணைப்பு மறுக்கப்பட்டதன் காரணம் அதில் எண்ணாக வரும். 20ஆம் காரணம், மேக் ஃபெயிலியர்: சிம் உங்கள் நெட்வொர்க்கைப் போலி என்று நினைக்கிறது. கேஐ தப்பு அல்லது ஓபியும் ஓபிசியும் இடம் மாறியிருக்கிறது. 21ஆம் காரணம், சிங்க் ஃபெயிலியர்: சிம்மில் உள்ள வரிசை எண்ணும் கோரில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை. ஒரு தடவை வந்து, தானாகச் சரியாகி, இணைப்பு கிடைத்தால் அது இயல்பு. திரும்பத் திரும்ப வந்தால் சந்தாதாரரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துவிடுங்கள்.

11ஆம் காரணம், நெட்வொர்க்குக்கு அனுமதியில்லை என்பது, வேறு மாதிரியான தொல்லை. ஒரு தடவை இப்படித் திருப்பி அனுப்பினால் சிம் அந்த நெட்வொர்க் எண்ணைத் தடைப் பட்டியலில் எழுதிக்கொள்ளும். பிறகு நீங்கள் கோரைச் சரிசெய்தாலும் மாட்யூல் கதவைத் தட்டவே தட்டாது. சிம்மை வேறு கருவியில் போட்டாலும் பட்டியல் கூடவே போகும். பைசிம் வைத்து அந்தப் பட்டியலை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

போன் வைத்துச் சோதிப்பவர்களுக்கு இன்னொன்று. சில போன்கள் நன்றாக இணைந்து, சில விநாடிகளில் 4ஜியைக் கைவிட்டு வேறு நெட்வொர்க்கைத் தேடத் தொடங்கும். சிக்னல் குறையில்லை. நம் நெட்வொர்க்கில் குரல் அழைப்பு இல்லை என்று தெரிந்ததும், குரலை முக்கியமாகக் கருதும் போன் வெளியேறுகிறது. டேட்டாவை முக்கியமாகக் கருதும் மாட்யூலில் இது வராது. முதலில் மாட்யூல் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 7: இணையமும் குரலும்

இணைந்தும் இணையம் வரவில்லை என்றால் மூன்று பிங் போதும். 10.45.0.1 வரவில்லையா, கோரின் டனல் இடைமுகம் எழவில்லை. அது வந்து 8.8.8.8 வரவில்லையா, லேப்டாப்பில் ஐபி ஃபார்வர்டிங் அணைந்திருக்கிறது அல்லது 10.45.0.0 முகவரிகளுக்கு நாட் விதி இல்லை; இரண்டும் லேப்டாப்பை மறுபடி தொடங்கினால் அழிந்துபோகும், நிரந்தரமாக எழுதிவையுங்கள். அதுவும் வந்து தளத்தின் பெயர் மட்டும் திறக்கவில்லையா, டிஎன்எஸ். பிங் எல்லாம் போயும் பெரிய பக்கங்கள் பாதியில் நின்றால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. 1400இல் வையுங்கள், டனல் தன் பங்குக்கு ஒவ்வொரு பாக்கெட்டிலும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

4ஜியில் குரலுக்கென்று தனிப் பாதை கிடையாது, எல்லாம் டேட்டாதான். எளிய வழி, அதே லேப்டாப்பில் ஆஸ்டரிஸ்க் என்ற அழைப்பு மென்பொருளை நிறுவி, பெட்டிக்குள் இருக்கும் போனில் லின்போன் செயலியைப் போட்டு, உள் எண்களுக்கு அழைப்பது. போனின் சொந்த டயலரிலேயே அழைக்க வேண்டும் என்றால் ஐஎம்எஸ், அதாவது டேட்டா வழியாகக் குரலை நடத்தும் அமைப்பு, வேண்டும். கமாலியோ என்ற மென்பொருளை ஓப்பன்5ஜிஎஸ்ஸோடு சேர்த்து அதைக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பல போன்கள் தமக்குத் தெரியாத கம்பெனியின் சிம்முக்கு வோல்டிஇ (4ஜி குரல் அழைப்பு) பொத்தானையே காட்டாது. மேலே செய்த மொத்த வேலைக்கும் ஆன நேரத்தை இந்த ஒன்றே விழுங்கிவிடும்.

காற்றில் விடுவதற்கு முன்

உரிமம் கைக்கு வந்துவிட்டது, வளாகத்துக்குள் நெட்வொர்க் வேண்டும் என்றால், போர்டில் ஆன்டெனாவை மட்டும் மாட்டிப் புண்ணியமில்லை. சக்தி போதாது. ஆம்ப்ளிஃபையர் போட்டால் பக்கத்து அலைவரிசைகளில் சிந்தாமல் இருக்க வடிகட்டி வேண்டும், வாங்கும் பக்கத்தைக் காக்க டூப்ளெக்ஸர் வேண்டும், உரிமத்தில் சொன்ன சக்தியைத் தாண்டவில்லை என்று அளந்து காட்ட ஸ்பெக்ட்ரம் அனலைசர் வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆயத்தமாகக் கிடைக்கும் சிறிய பேஸ் ஸ்டேஷனின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் கோஎல்டிஇ என்ற திட்டத்தில், இந்தோனேசியாவின் பாப்புவாவில் உள்ள பொக்கொண்டினி ஊருக்கு 4ஜி கட்டியபோது இந்த வழியில்தான் போனார்கள். டவருக்கு விலைக்கு வாங்கிய பேஸ் ஸ்டேஷன், கோருக்குத் திறந்த மென்பொருள். நீங்கள் மேசைமேல் கட்டிய கோரை அப்படியே வைத்துக்கொண்டு, எஸ்டிஆர் இருந்த இடத்தில் அப்படி ஒரு பெட்டியை வைக்கலாம். கோரில் மாற்ற வேண்டியது முகவரிகள் மட்டும்: 127.0.0.2 கணினிக்குள்ளேயே புழங்கும் முகவரி, வெளிப் பெட்டி அதை எட்டாது. லேப்டாப்பின் நெட்வொர்க் அட்டைக்குரிய முகவரியை எம்எம்இக்கும், டேட்டாவைக் கடத்தும் எஸ்ஜிடபிள்யூ-யூவுக்கும் கொடுங்கள். ஃபயர்வாலில் எஸ்சிடிபி 36412, யூடிபி 2152 இரண்டையும் அந்தப் பெட்டிக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.